புளோரொளிர்வுப் படத்தொடர்களில் வெளிறல் திருத்தம்: மாறாதது எது என்னும் எடுகோள்

புளோரொளிர்வு நுணுக்குக்காட்டியின் கீழ் உயிருள்ள கலமொன்றை அடுத்தடுத்துப் படமெடுக்கும்போது, அக்கலத்தினுள் எவ்வித மாற்றமும் நிகழாவிடினும், பிந்திய படங்கள் முந்தியவற்றிலும் மங்கலாகவே அமைகின்றன. ஓர் அலைநீளத்து ஒளியை உறிஞ்சி அதனிலும் நீண்ட அலைநீளத்து ஒளியை உமிழும் இயல்பு புளோரொளிர்வு எனப்படும். அவ்வியல்புடைய சாயமூலக்கூறுகள், தம்மை ஒளிரச்செய்யும் அதே ஒளியினால் சிறிது சிறிதாக அழிந்து மீண்டும் ஒளிராத நிலையை அடைவது ஒளிவெளிறல் எனப்படும். இந்த மங்கலை ஈடுசெய்யும் கணிப்பு முறைகள் இன்று இலவச மென்பொருள்களிலேயே கிடைக்கின்றன. ஆயினும் அம்முறைகள் ஒவ்வொன்றும், படத்தொடர் முழுவதிலும் மாறாதிருந்தது எது என்பது பற்றிய ஓர் எடுகோளைத் தன்னுள் கொண்டுள்ளது. அந்த எடுகோளை ஆய்வாளர் அறிந்து தெரிவுசெய்யாதவிடத்து, திருத்தம் தரவைச் செம்மையாக்குவதற்கு மாறாக அதன் பொருளையே மாற்றிவிடும் என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு அருட்டப்பட்ட நிலையில் சில நனோசெக்கன்களே தங்கிப் பின்னர் ஒளியை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றது. அத்தகைய மூலக்கூறுகளுள் ஒரு சிறு பங்கு மும்மை நிலை எனப்படும் வேறொரு நிலைக்கு நழுவி, அங்கே மைக்குரோசெக்கன் முதல் மில்லிசெக்கன் வரையான, ஒப்பீட்டளவில் மிக நீண்ட காலம் தங்கிவிடுவதால், அருகிலுள்ள ஒட்சிசனுடனும் பிற மூலக்கூறுகளுடனும் தாக்கமுற்று அழிவதற்கு வாய்ப்புப் பெறுகின்றது. புளோரெசீன் போன்ற சாயத்தின் ஒரு மூலக்கூறு சில பத்தாயிரம் போட்டன்களை, அதாவது ஒளித்துகள்களை, உமிழ்ந்த அளவில் அழிந்துவிடும். எல்லா மூலக்கூறுகளும் ஒரே சூழலில் இருந்து ஒரே அளவு ஒளியைப் பெற்றால் மங்கல் ஒற்றை அடுக்குக்குறிச் சார்பைப் பின்பற்றும். கலத்தினுள் அவ்வாறு அமைவது அரிது என்பதால், நடைமுறையில் வேகமும் தாமதமுமான இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டே வளையிக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றது.

மங்குவதெல்லாம் வெளிறலன்று. கோப்பாயின் செம்மண் தோட்டத்திலிருந்து பறித்த புகையிலை இலையொன்றைச் சிறிது நேரம் இருளில் வைத்திருந்து, பின்னர் நீல ஒளி பாய்ச்சி நோக்கினால், பச்சையம் உமிழும் ஏறத்தாழ 680 நனோமீற்றர் அலைநீளச் செவ்வொளி முதற் செக்கனளவில் உயர்ந்து, அடுத்த சில நிமிடங்களில் படிப்படியாகத் தாழ்கின்றது. கவுட்ஸ்கியும் ஹிர்ஷும் 1931இல் விவரித்த இந்நிகழ்வில் பச்சையம் அழிவதில்லை. ஒளித்தொகுப்பு இயங்கத் தொடங்கி, உறிஞ்சிய சக்தியைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வதாலும் மிகையானதை வெப்பமாக விடுவதாலுமே ஒளிர்வு குறைகின்றது. இலையை மீண்டும் இருளில் வைத்தால் ஒளிர்வு மீள்கின்றது. அழிந்த சாயம் அவ்வாறு மீள்வதில்லை. இந்த இலையின் படத்தொடரை வெளிறல் திருத்தத்துக்கு உட்படுத்துபவர், இலையின் உயிர்ச்செயலையே வழுவெனக் கருதி நீக்கிவிடுகின்றார். திருத்தத்துக்கு முன் ஒளியை நிறுத்தி மீட்சி உண்டா எனப் பார்க்கும் சோதனை எளியது. அது இன்னும் பரவலாகச் செய்யப்பட வேண்டும்.

பின்னணியைக் கழிக்காமல் திருத்துவது அடுத்த தவறாகும். இது சிறிதாகத் தோன்றினும் இதன் விளைவு பெரிது. அதே தோட்டத்து வெங்காயத்தின் உட்புற மேற்றோல் ஒரு கலத் தடிப்புடையது, பச்சையம் அற்றது. ஆகவே சாயமூட்டி நோக்குவதற்கு மிக ஏற்றது. அதன் கருவொன்று முதற் படத்தில் 600 அலகும் இருபதாவது படத்தில் 350 அலகும் காட்டுகின்றது என்றும், ஒளியே இல்லாதபோதும் கமெரா 100 அலகு காட்டும் என்றும் கொள்ளலாம். உண்மையான ஒளிர்வு 500இலிருந்து 250 ஆக, சரிபாதியாகக் குறைந்துள்ளது. பின்னணியைக் கழிக்காதவரோ 600ஐ 350ஆல் வகுத்து 1.71 என்னும் காரணியைப் பெறுகின்றார். அக்காரணியால் பெருக்கும்போது கரு 600 அலகுக்கு மீண்டுவிடுவதால் எல்லாம் சரியாக நடந்ததாகவே தோன்றும். ஆனால் அருகே முதலில் 150 அலகு காட்டி இப்போது 125 அலகு காட்டும் மங்கலான குழியவுருப் பகுதி, அதே பெருக்கலால் 214 அலகாகிவிடுகின்றது. பின்னணி நீங்கலாக 50 ஆக இருக்கவேண்டியது 114 ஆகத் தெரிவதால், கருவிலிருந்து பொருளேதோ குழியவுருவுக்கு வெளியேறியதென ஒருவர் முடிவுசெய்ய இடமுண்டு. வெறுங் கணிப்புப் பிழையிலிருந்து ஓர் உயிரியற் கண்டுபிடிப்பு பிறந்துவிடுகின்றது.

வேய்ன் ராஸ்பாண்ட் உருவாக்கிய இமேஜ்ஜே மென்பொருளுக்கெனக் கோட்டா மியூரா எழுதி 2020இல் கட்டுரையாக விளக்கிய செருகுநிரல் மூன்று முறைகளைத் தருகின்றது. முதலாவது, ஒவ்வொரு படத்தின் சராசரியையும் முதற் படத்தின் சராசரிக்குச் சமமாக்குவது. சட்டகத்தினுள் உள்ள சாயத்தின் மொத்த அளவு மாறவில்லை என்பது அதன் எடுகோள், ஆகவே ஒரு கலம் சட்டகத்தை விட்டு நகர்ந்தாலே அது பிழைத்துவிடும். இரண்டாவது, அடுக்குக்குறிச் சார்பைப் பொருத்தி அதனால் வகுப்பது. மங்கல் ஒழுங்கான ஒரு வளையியில் நிகழ்கின்றது என்பதே அதன் எடுகோள். மூன்றாவது, வலையுருவரையப் பொருத்தம், அதாவது எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்னும் பரம்பலை முதற் படத்தின் பரம்பலோடு ஒத்துவரச் செய்வது. கலங்களின் எல்லையைப் பிரித்தறியவும் அவற்றின் நகர்வைத் தொடரவும் இம்மூன்றாவது முறை மிகப் பயனுள்ளது. பிரகாசத்தையே அளவையாகக் கொள்ளும் ஆய்வில் அதற்கு இடமில்லை. பிரகாசப் பரம்பல் மாறவில்லை என்று முன்கூட்டியே விதித்துவிட்டு, அது மாறியதா என அளப்பது முரண்பாடாகும்.

இழந்த போட்டன்களை எந்தத் திருத்தமும் மீட்டுத்தராது என்பதும் அடிக்கடி மறக்கப்படுகின்றது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 போட்டன்கள் பதிவாகுமாயின் அதன் நியம விலகல் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகிய 100 ஆகும். வெளிறலால் அது 2,500 ஆகும்போது விலகல் 50. நான்கால் பெருக்கித் திருத்தினால் சராசரி 10,000ஐ அடைய, விலகல் 200 ஆகின்றது. எனவே பிரகாசம் ஒன்றாகவே தோன்றும் திருத்திய தொடரின் முற்பகுதியும் பிற்பகுதியும் சமமான நம்பகம் உடையவை அல்ல. அவற்றை ஒரே நிறையுடன் சராசரியாக்குவதும் வழுக்கோடுகளை மறைப்பதும் வாசகரைத் தவறாக வழிநடத்தும்.

வெளிறலையே சான்றாகக் கொண்ட சிறந்த ஆய்வொன்று பெங்களூரில் நிகழ்ந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சத்யஜித் மேயரும் இராமன் ஆய்வு நிறுவனத்தின் மதன் ராவும் தம் குழுவினருடன் 2004இல் செல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, கொழுப்பு நங்கூரத்தால் கலமென்சவ்வில் பிணைந்த புரதங்கள் எவ்வாறு கூடியிருக்கின்றன என ஆராய்ந்தது. முனைவாக்கிய ஒளியால் அருட்டப்பட்ட மூலக்கூறு, மிக அருகிலுள்ள இன்னொன்றுக்குத் தன் சக்தியைக் கையளிக்கும்போது உமிழ்வொளியின் முனைவாக்கம் குலைகின்றது. அயல்மூலக்கூறுகள் வெளிறி அழியுந்தோறும் கையளிப்புக் குறைந்து முனைவாக்கம் மீள்கின்றது. அது மீளும் போக்கிலிருந்து கூட்டத்தின் பருமனை உய்த்தறியலாம். புரதங்களில் 20 முதல் 40 சதவீதம் வரையானவை அதிகபட்சம் நான்கு மூலக்கூறுகள் கொண்ட நுண்கூட்டங்களாகவும் எஞ்சியவை தனித்தும் உள்ளன என அவர்கள் காட்டினர்.

இத்தகைய தரவைச் சிந்தியாமல் திருத்தினால் நேர்வதை எண்களால் காட்டலாம். முனைவாக்கத்தின் அளவை, இணைமுனைவுக் கால்வாயிலிருந்து செங்குத்துமுனைவுக் கால்வாயைக் கழித்து, இணையோடு செங்குத்தின் இருமடங்கைக் கூட்டியதால் வகுப்பதாகும். தொடக்கத்தில் இணை 300, செங்குத்து 200 எனின் அளவை 0.143, வெளிறியபின் இணை 160, செங்குத்து 100 எனின் 0.167. இரண்டு கால்வாய்களையும் ஒரே காரணியால் பெருக்கினால் 0.167 அவ்வாறே நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அதன் முதற் படத்துக்குச் சமமாக்கினால் 300உம் 200உம் திரும்பி வந்து, அளவை மீண்டும் 0.143 ஆகி, கண்டறியப்பட வேண்டிய மாற்றம் தடமின்றி அழிந்துவிடும்.

திருத்தமே கூடாது, மூலத்தரவை மட்டும் வெளியிடுக என வாதிடுவோரும் உளர். அவ்வாதம் மிகையானது, சாயமூட்டிய புரதத்தின் பரவலை நிமிடக்கணக்கில் அளக்கும் ஆய்வில் திருத்தாமல் விடுவதும், வெளிறல் நிகழவில்லை என்னும் பொய்யான எடுகோளை ஏற்பதாகவே முடியும். எனினும் பிரகாசம் நிலைத்துத் தோன்றும் திருத்திய தொடர், வெளிறலோடு கூடப் பிறக்கும் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வகைகள் கலத்துக்கு இழைத்த தீங்கைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகின்றது என்னும் அவர்களது கவலை மெய்யானது. அதற்கு விடை, ஒரே பரிசோதனையை இருமுறை, இரண்டாம் முறை படங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கிச் செய்து பார்ப்பதாகும். உயிரியல் நிகழ்வு ஒன்றே, ஒளியின் அளவு மட்டுமே வேறு என்பதால், திருத்திய இரு வளையிகளும் வழுவெல்லைக்குள் ஒன்றன்மேலொன்று படிய வேண்டும். படியாவிடின், பிழைத்தது திருத்தமா அல்லது ஒளியால் ஊறுபட்டது கலமா என்று தெளியும்வரை அந்த அளவீடுகளை முடிவுகளாக வெளியிடுதல் ஆகாது.