எலிக்கு யார் பட்டா கொடுத்தது? – இங்கிலாந்து வேட்டைச் சட்டங்களில் ‘அனுமதி’யின் வரலாறு

அறுப்பு முடிந்த வயலில் எலி வளை வெட்ட எங்கள் தாத்தா மண்வெட்டியோடு நேராக வயலுக்குப் போனதில்லை. முதலில் ஊர்த்தெருவுக்குப் போவார். பண்ணை வீட்டுக்கு எதிரே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். “ஆண்டே, ஏரிக்கர வயல்ல நாலு வளை வெட்டிக்கட்டுமுங்களா?” பதில் வர அரைமணி நேரமும் ஆகும், ஒரு பொழுதும் ஆகும். “வெட்டிக்க. வரப்பச் சரிச்சிடாத. வளையில நெல்லு இருந்தா களத்துல கொண்டாந்து கொட்டு.” எலி எங்களுக்கு, எலி சேர்த்து வைத்த நெல் அவருக்கு. ஆயா ஒருநாள் ஆத்திரத்தோடு கேட்டாள்: “நெல்லு அவன் வயல்ல வெளஞ்சது, சரி. எலிய அவனா வளத்தான்? எலிக்கு எவன்டா பட்டா போட்டுக் குடுத்தது?”

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவள் கேட்ட அதே கேள்வியைச் சுற்றித்தான் இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்கள் முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டன என்பது பின்னால் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நிலம் ஒருவனுக்குச் சொந்தம் என்றால் அதில் ஓடுகிற, பறக்கிற உயிரும் அவனுக்குச் சொந்தமா? அடுத்தவன் அதைப் பிடிக்க ஏன் அவன் வாசலில் போய் நிற்கவேண்டும்?

இங்கிலாந்தில் இன்றும் ஒருவர் விவசாய நிலத்தில் முயலோ காட்டுப்புறாவோ சுடவேண்டும் என்றால் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். போலீஸ் கொடுத்த துப்பாக்கிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் போதாது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு பிறர் நிலத்தில் கால்வைப்பதே 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி குற்றம். அதனால் பண்ணை பண்ணையாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். அறுவடை மும்முரத்தில் போகாதே, துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, சுத்தமாக உடுத்திக்கொள், வாயிற்கதவைத் திறந்தால் மறக்காமல் மூடு, கிடைத்ததில் இரண்டைப் பண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று அனுபவஸ்தர்கள் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அனுமதியை எழுத்தில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். ‘சரி’ என்று சொல்கிற விவசாயிக்கே அந்த அதிகாரம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள். அவர் குத்தகைதாரராக இருக்கலாம். வேட்டை உரிமையைப் பெருநிலக்கிழார் குத்தகைப் பத்திரத்தில் தனக்கே நிறுத்தி வைத்திருக்கலாம். உழுகிறவன் ஒருவன், சுட அனுமதி கொடுப்பவன் இன்னொருவன். இந்த இரண்டும் பிரிந்த கதைதான் நாம் பார்க்கவேண்டியது.

1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் முயல், கௌதாரி, ஃபெசன்ட் முதலானவற்றை வேட்டையாடும் தகுதியை நில வருமானத்தோடு முடிச்சுப் போட்டது. ஆண்டுக்கு 100 பவுண்ட் வருமானம் தரும் சொந்த நிலமோ, 150 பவுண்ட் தரும் நீண்டகாலக் குத்தகையோ, உயர்குடிப் பிறப்போ இருக்கவேண்டும். அக்காலத்தில் மாவட்டப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமைக்குத் தேவைப்பட்டது 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்ட் நில வருமானம். பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்புவதைவிடக் கௌதாரி சுட ஐம்பது மடங்கு சொத்து வேண்டும். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனே 18ஆம் நூற்றாண்டில் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். சிறு விவசாயி தன் சொந்த நிலத்தில், தன் பயிரைத் தின்கிற முயலைக் கொல்லமுடியாது. தகுதியற்றவர்களின் வீட்டைச் சோதித்துத் துப்பாக்கியையும் வேட்டை நாயையும் வலையையும் பறிக்கும் அதிகாரம் பிரபுவின் வேட்டைக் காவலாளுக்குக் கிடைத்தது. இங்கே கவனிக்கவேண்டியது, அப்போது கேள்வி ‘யார் நிலம்’ என்பதல்ல. ‘நீ யார்’ என்பதுதான். நமக்கு இது புதிய கேள்வியல்ல.

1723இல் வந்தது ‘கறுப்புச் சட்டம்’. முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனவர்களை ஒடுக்கவென்று கொண்டுவரப்பட்ட இச்சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. நூறாண்டுகள் கழித்து 1823இல்தான் பெரும்பகுதி நீக்கப்பட்டது. ஈ.பி. தாம்சன் 1975இல் வெளியிட்ட ‘விக்ஸ் அண்ட் ஹண்டர்ஸ்’ நூல் இச்சட்டத்தைத்தான் ஆராய்கிறது. காட்டோரத்து மக்களின் பழைய வழக்குரிமைகள் எப்படி ஒரே இரவில் குற்றங்களாக மாறின என்பதை அடித்தள மக்களின் பக்கம் நின்று சொன்ன நூல் அது.

இதே காலத்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டன. 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களின் வழியாக சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, அடைக்கப்பட்டது. விறகு பொறுக்கிய இடம், மாடு மேய்த்த இடம், கண்ணி வைத்த இடம் எல்லாம் ‘அத்துமீறி நுழைதல்’ ஆயிற்று. நிலத்துக்காரர்கள் புதருக்குள் ஆள் பொறிகளையும், கால் கம்பியில் பட்டால் வெடிக்கும் துப்பாக்கிகளையும் வைத்தார்கள். 1827இல்தான் அவை தடைசெய்யப்பட்டன. அடுத்த ஆண்டே, 1828இல், இரவு வேட்டைச் சட்டம் வந்தது. மூன்றாம் முறை பிடிபட்டால் ஏழாண்டுகள் தீவாந்தரம். மூன்று பேரோ அதற்கு மேலோ ஆயுதத்தோடு கூடிப் போனால் பதினான்கு ஆண்டுகள் வரை. விசாரிக்கும் கௌரவ மாஜிஸ்திரேட் யார்? பக்கத்துப் பண்ணைக்காரர். காவலாளும் அவர்கள் ஆள், நீதிபதியும் அவர்கள் ஆள். வழக்கு மட்டும் நம்ம ஆள் மேல.

1831ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் ஒரு சீர்திருத்தமாக வந்தது. பிறப்பும் 100 பவுண்டும் போயின. உரிமச் சீட்டுக்குப் பணம் கட்டிய எவரும் வேட்டையாடலாம், நிலத்துக்காரர் அனுமதித்தால். ‘நீ யார்’ என்ற கேள்வி போய் ‘யாரிடம் அனுமதி வாங்கினாய்’ என்ற கேள்வி வந்தது. இன்று பண்ணைக் கதவைத் தட்டுகிறவர் நிற்கும் வாசல் இந்தச் சட்டம் திறந்த வாசல்தான். குத்தகைதாரருக்கும் அந்தச் சட்டம் உரிமை கொடுத்தது, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாத வரையில். நிலப்பிரபுக்கள் வேறுவிதமாகவே எழுதினார்கள். கையெழுத்துப் போடாதவனுக்கு நிலமில்லை. வாடகை கட்டி உழுது விதைத்தவன் பயிரை முயல் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடித்தால் குற்றவாளி.

சட்டம் இங்கே ஒரு விசித்திரமான நிலையில் நின்றது. உயிரோடு சுதந்திரமாகத் திரியும் விலங்கு யாருக்கும் சொந்தமில்லை என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம். அதனால்தான் அதைப் பிடிப்பதைத் திருட்டு என்று சொல்லமுடியாமல் தனியாக வேட்டைச் சட்டங்கள் எழுதவேண்டி வந்தது. ஆனால் ஒருவன் அத்துமீறி நுழைந்து கொன்ற முயல், செத்த அந்தக் கணமே நிலத்துக்காரருக்குச் சொந்தம் என்று 1865இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உசுரோட இருந்தா ஊருக்குப் பொது, செத்தா பண்ணைக்குச் சொந்தம்! ஆயா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். 1862இலேயே, வேட்டையாடி வருகிறான் என்ற சந்தேகத்தில் ரோட்டில் போகிறவனை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் போலீசுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கூலி முடிந்து மூட்டையோடு வீட்டுக்கு நடக்கிறவனெல்லாம் சந்தேகத்துக்குரியவன்.

1880இல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த சட்டம் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். முயல் வகைகளைக் கொல்லும் உரிமை பயிரிடுபவருக்கும் உண்டு; அதை அவரிடமிருந்து பிரிக்கமுடியாது; ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. நிலக்கிழாரின் காலடியில் எழுதிக் கொடுக்கப்படும் சம்மதம் சம்மதமே அல்ல என்பதை ஒரு பாராளுமன்றம் சட்டமொழியில் ஒப்புக்கொண்டது. கையெழுத்தால் பறிபோகக்கூடிய உரிமை உரிமையல்ல என்ற பாடம் நமக்கும் முக்கியமானது.

ஆனால் அந்த உரிமை எதுவரை இறங்கியது? பயிரிடுபவர் தன் குடும்பத்தாருக்கும், வழக்கமான பணியாட்களுக்கும், கூலிக்கு அமர்த்தும் இன்னொருவருக்கும் எழுத்து மூலம் அனுமதி தரலாம். துப்பாக்கி எடுக்க அவரைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் இடம். கேட்டால் அந்தச் சீட்டைக் காட்டவேண்டும். கூலிக்காரனுக்குத் தனியாக எந்த உரிமையும் இல்லை. குத்தகைதாரருக்கு வாக்கு இருந்தது. கிராமப்புறக் கூலிக்காரனுக்கு வாக்கு வந்தது 1884இல்தான். 1872இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிய ஜோசப் ஆர்ச் மறு ஆண்டே வேட்டைச் சட்டக் குழுவின் முன் கூலிக்காரர்களுக்காகச் சாட்சி சொன்னார். 1880இன் சட்டம் அவர்களை எட்டவில்லை. அனுமதி கேட்டு நிற்கிறவன் ஒரு படி ஏறினான். அவனுக்குக் கீழே நின்றவன் நின்ற இடத்திலேயே நின்றான். இங்கே 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் சேரிக்கு நடந்தது இதுதான். குத்தகைதாரர் பதிவேட்டில் ஏறினார். பண்ணையாள் கூலியாகவே நின்றார்.

இந்தக் கதையை அந்தப் பக்கத்திலிருந்து எழுதிய ஒருவர் இருக்கிறார். 1836இல் டேவன்ட்ரியில் பிறந்த ஜேம்ஸ் ஹாக்கர், வாழ்நாள் முழுவதும் ‘திருட்டு வேட்டை’ ஆடியவர். முதுமையில் தன் கதையைத் தானே எழுதினார். பசியையும் வர்க்கக் கோபத்தையும் மறைக்காத எழுத்து. 1921இல் இறந்தார், நூல் 1961இல்தான் அச்சானது. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக்கூடாது. அதே ஹாக்கர் தன் ஊர்ப் பஞ்சாயத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைத் தள்ளி நிறுத்தியது வர்க்கம், தீட்டு அல்ல.

இனி நம் பக்கம் வருவோம். 1880இல் தன் நாட்டுக் குத்தகைதாரருக்கு முயலை விட்டுக்கொடுத்த அதே பேரரசு, 1878இல் இந்தியாவில் ஆயுதச் சட்டம் போட்டது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அங்கே சங்கம் வைத்திருந்தார்கள். குறும்பரும் இருளரும் தலைமுறை தலைமுறையாகத் திரிந்த மலையில் வேட்டைப் பருவமும் உரிமமும் காகிதத்தில் எழுதப்பட்டன. இங்கிலாந்தில் ‘நீ யார்’ என்ற கேள்வி 1831இல் செத்தது. செத்த அந்தக் கேள்வி இங்கே கப்பலேறி வந்தது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோலை நம்பியிருந்த இருளரின் பிழைப்பு குற்றமானது. 1978இல் அவர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். 2023இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். உயிரினங்களைக் காக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காடும் வயலும் யாருடைய அறிவால் இத்தனை காலம் காக்கப்பட்டனவோ, அவர்களே ஏன் எப்போதும் சீட்டோடு நிற்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

தாத்தா செத்து வெகுகாலமாகிவிட்டது. பண்ணை வீடும் கைமாறிவிட்டது. போன தையில் ஊருக்குப் போனபோது ஒரு பையன் கிட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தான். “யாரக் கேட்டு வச்ச?” என்றேன், விளையாட்டாக. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “எலியக் கேட்டுத்தான்” என்றான்.