அபர்வான் கழிவுமேட்டின் சரிவு

வேல்ஸ் நாட்டு அபர்வான் கிராமத்தில் 1966 ஒக்ரோபர் 21 ஆந் திகதி காலை, நிலக்கரிச் சுரங்கத்தின் ஏழாங் கழிவுமேடு சரிந்து, பாடசாலையொன்றையும் அயல்வீடுகளையும் மூடிற்று. மாண்டோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறார்.

இதனை இயற்கையின் சீற்றமெனல் பொருந்தாது. 1958 இல் அம்மேடு மலைச்சாரலின் நீரூற்றுக்கள்மீதே தொடங்கப்பெற்றது. ஊறிய நீர் கழிவுத் துகள்களின் இடைவெளிகளை நிரப்பி அழுத்த, அவற்றின் உராய்வுப் பிடிப்புத் தளர்ந்தது. ஈற்றில் மேடு கூழெனப் பாய்ந்தது.

ஊற்றுக்கள் நிலப்படங்களிற் குறிக்கப்பட்டிருந்தன. 1944 இல் நான்காம் மேடும், 1963 இல் ஏழாம் மேடுந்தாமே சரிந்து எச்சரித்திருந்தன. ஆயினும், மேட்டின் உறுதியை ஆராய்தல் எவர்க்குங் கடமையாக விதிக்கப்படவில்லை. 1967 இல் விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையையே பொறுப்பாளியெனக் கண்டது. 1969 இல் கழிவுமேடுகள் பற்றிய சட்டம் பிறந்தது.

அறிவு முன்னரே இருந்தது; அதனைப் பயன்படுத்துங் கடமையோ 144 உயிர்கள் மாய்ந்த பின்னரே எழுதப்பட்டது.