விண்டர்ஹால்டர், ஃபிரான்ஸ் சேவியர் (1805–1873)

ஐரோப்பிய அரச குடும்பங்களின் உருவப்பட ஓவியர். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள மென்சென்ஷ்வாண்ட் என்னும் சிற்றூரில் உழவர் வீட்டில் பிறந்தார். 13 வயதில் ஃப்ரைபர்க் சென்று கல்லச்சுக் கலை பயின்றார்; 1823இல் மூனிக் சென்றார்; பின்னர் அங்குள்ள கலைக்கழகத்தில் பயின்றார். பாடன் அரசவையில் ஓவியராக இருந்தபின் 1834இல் பாரிசில் குடியேறினார்.

பிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப்பின் மகளான பெல்ஜிய அரசி லூயிஸ், இவரைப் பிரித்தானிய அரசி விக்டோரியாவிடம் பரிந்துரைத்தார். 1842இல் தொடங்கிய அந்த ஆதரவு நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களாக விளைந்தது. அவற்றுள் தலையாயது ‘1846இல் அரச குடும்பம்’. அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் அமர்ந்திருக்க, ஐந்து குழந்தைகள் உடனிருக்கின்றனர். சிறுவன் ஆல்ஃபிரட் பாவாடை போன்ற அங்கியில் தளர்நடை போடுகிறான். அக்கால ஐரோப்பாவில் ஆண் குழந்தைகளுக்கும் அதுவே உடை. முடியாட்சியை ஒரு நல்ல குடும்பமாகக் காட்டிய படம் இது. அதே ஆண்டு நான்கு வயது இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டை மாலுமி உடையில் தீட்டினார். அரசப் படகின் மாலுமிகள் அணிந்த உடையைச் சிறிய அளவில் தைத்து அணிவித்திருந்தார்கள். அந்தப் படம் பரவியபின் மாலுமி உடை ஐரோப்பியச் சிறுவர்களின் வழக்கமான உடையாயிற்று.

முன்வரைவு இல்லாமல் நேரே துணியில் தீட்டும் வேகம் இவருக்கு இருந்தது. பட்டின் மினுக்கத்தையும் முத்தின் ஒளியையும் இவரளவுக்குப் பிடித்தவர்கள் குறைவு. பிரான்சின் யூஜெனி பேரரசியைத் தோழியர் நடுவே காட்டும் படமும் (1855), ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் விண்மீன் நகையணிந்த படமும் (1865) இதற்குச் சான்று. மேலோட்டமான கலை என்று விமர்சகர்கள் ஒதுக்கினர். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் குழந்தைகளின் படங்களுக்கு அது பொருந்தாது.

இந்தியர் கூர்ந்து பார்க்க வேண்டிய படங்கள் இரண்டு. காவிரி பிறக்கும் குடகு நாட்டை 1834இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பதவியிழந்த அரசர் சிக்க வீரராஜேந்திரனின் மகள் கௌரம்மா, 1852இல் விக்டோரியாவை ஞானத்தாயாகக் கொண்டு இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றாள். அப்போது 11 வயது. அவ்வாண்டே விண்டர்ஹால்டர் அவளை இந்திய உடையில் தீட்டினார். மற்றொரு படத்தில் இருப்பவர் பஞ்சாபின் மன்னராயிருந்த துலீப் சிங். பத்து வயதில் நாட்டையும் கோகினூர் வைரத்தையும் ஆங்கிலேயரிடம் இழந்தவர். 1854இல் 15 வயதுச் சிறுவராக பக்கிங்காம் அரண்மனையில் ஓவியருக்கு முன் நின்றார். அந்நாட்களில்தான் கோகினூரை அவர் கையில் கொடுத்துக் காட்டினார்கள். ஓவியமோ உண்மை உயரத்தினும் நெடியவராக, முழு மன்னருக்குரிய அணிகளுடன் அவரைக் காட்டுகிறது. கழுத்தில் வைரம் பதித்த விக்டோரியாவின் சிற்றுருவம் தொங்குகிறது. ஆட்சி பறித்தவர்களின் அரண்மனையில் ஆட்சிக் கோலம் பூண்டு நிற்கும் அந்தச் சிறுவனின் படமே, இவர் தீட்டியவற்றுள் நெஞ்சை மிகவும் வருத்துவது.

விண்டர்ஹால்டர் 1873இல் ஃபிராங்ஃபர்ட்டில் டைஃபஸ் காய்ச்சலால் இறந்தார். கௌரம்மா, துலீப் சிங் இருவரின் ஓவியங்களும் இன்றும் பிரித்தானிய அரசச் சேகரிப்பிலேயே உள்ளன.