கோரல் ஆலை வேலைநிறுத்தமும் வரலாற்று நாடகமும்

வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்க்குத் துணைநின்ற சமயத்தார் ஒருவரை நடுவாக வைத்து நாடகம் யாக்க விழைவார்க்கு நம் நாட்டு வரலாறு பொருள் தரத் தவறவில்லை. ஜாரியா நிலக்கரி வயலில் சுரங்கத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியவர் விசுவானந்தர் என்னும் துறவி. 1921-இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் இரண்டாம் மாநாடு அவ்வயலிலேயே கூடிற்று. தமிழகத்தில் அத்தகைய பொருளை நாடுவார் தூத்துக்குடிக் கோரல் ஆலையையும் சுப்பிரமணிய சிவாவையுமே முதற்கண் நினைப்பர்.

ஆயினும் இங்கு ஓர் இடர் உண்டு. சிவா என்றவுடன் நம் கண்முன் நிற்பது நோயுற்ற உடலும் காவியுடையும் கொண்ட துறவியின் உருவம். அவர் துறவு பூண்டு சுதந்திரானந்தர் எனப் பெயர் தாங்கியதோ சிறை மீண்டு ஆண்டுகள் பல கழிந்த பின்னர். 1908-இல் அவர் இருபத்துமூன்று வயது இளைஞர். சமயமும் நாட்டுப்பற்றும் கலந்து கடற்கரையில் முழங்கிய பேச்சாளர். முதிர்ந்த துறவியை அக்கடற்கரையில் நிறுத்தும் நாடகம், விளைவை வித்தாக்கிக் காட்டும் பிழையைச் செய்வதாகும்.

நிகழ்ச்சி முறையை நோக்குவோம். ஹார்வி நிறுவனத்தாரின் ஆலையில் 1908 பிப்ரவரி 27-இல் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஊர் தொழிலாளர் பக்கம் நின்றது. வெள்ளையர்க்குச் சார்பாகப் பேசிய வழக்கறிஞர் ஒருவர்க்கு முகம் மழித்துக்கொண்டிருந்த நாவிதர், பணியைப் பாதியில் விட்டு எழுந்து போனார் என்பர். சிவாவும் சிதம்பரனாரும் மேடையில் இல்லாமலே நடைபெறக்கூடிய இக்காட்சியைவிடச் சிறந்த நாடகக்காட்சி இவ்வரலாற்றில் வேறில்லை என்பது எம் கருத்து. சிதம்பரனார் ஐம்பது தொழிலாளருடன் சென்று ஆலை மேலாளரைக் கண்டார். ஊதிய உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியன ஏற்கப்பட்டன. ஒன்பது நாளில் வெற்றி. தலைவர்கள் சிறைப்பட்டது அதன் பின்னர், மார்ச் 12-இல்.

வெற்றியே முந்தியது, துன்பம் பிந்தியது. நாடகமும் திரைப்படமும் இவ்வரிசையை மதிப்பது அரிது. 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாவாக நடித்தவர் நாடகமேடையில் தேர்ந்த டி. கே. சண்முகம், எனினும் தலைப்பே கப்பலுக்கு முதலிடம் தந்துவிட்டது. ஆலை, சிறைக்கு முன்னுரையாகக் குறுகிவிடுகிறது. நெல்லையில் மார்ச் 13-இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டதும், பின்ஹே என்னும் நீதிபதி சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்ததும், உயர்நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்ததும் காண்போரை ஈர்ப்பன ஆதலின், நூற்பாலைத் தொழிலாளர் மேடையின் பின்புறம் ஒதுங்கிவிடுகின்றனர்.

ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த சூலூர்ப் பகுதியினராகிய நமக்கு இப்பொருள் தொலைவானதன்று. சிதம்பரனார் செக்கிழுத்தது கோவைச் சிறையில். அச்சிறையிலேயே, சூலூருக்கு அண்மையிலுள்ள சின்னியம்பாளையத்து ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர் இராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வர் 1946 சனவரி 8-இல் தூக்கிலிடப்பட்டனர். இவர்கள் கதையில் காவியுடையார் எவரும் இலர். ஆதலின் கொங்குநாட்டு நாடகாசிரியன் தொழிலாளரையே மேடையின் நடுவில் நிறுத்தியாக வேண்டும்.