ரிவிஷன், திருத்தம்

கட்டட வரைபடத்தின் மூலையில் ஆர்1, ஆர்2 என நிற்கும் எழுத்து ரிவிஷனைக் குறிக்கிறது. மீண்டும் பார்த்தல் என்னும் இலத்தீன் பொருளில் பிறந்த அச்சொல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 'திருப்புதல்' ஆயிற்று. பொறியாளர் அலுவலகத்தில் 'திருத்தம்'. வரைபடங்களைச் சேமிக்கும் மென்பொருளில் புதிய தாள் ஏறியதும் பழையது காப்பகத்துக்குப் போய்விடும். ஆனால் கொத்தனாரின் கைபேசியில் கிடக்கும் பழைய படம் அழிவதில்லை. ஆகவே ரிவிஷனுக்கு இடும் பெயர் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். திருத்தம் என்றதும் பிழை நினைவுக்கு வருவது, பிழைத்திருத்தல் பத்திரம் போன்ற வழக்குகளால். சன்னல் ஒன்று கூடினாலும் பொறியாளர் தவறிவிட்டார் என்று வீட்டுக்காரர் எண்ண இடமுண்டு. சொல்லின் பழம்பொருள் இதைவிட அகலமானது. சங்க இலக்கியத்துத் 'திருந்திழை' செவ்வையாகச் செய்யப்பட்ட அணி. அங்கே பிழையே இல்லை. வைணவர் வீட்டில் காய் நறுக்குவது 'காய் திருத்துவது'. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு பறித்து, மேடுபள்ளம் நிரவி, விதைப்புக்கு ஆக்குவதும் காடு திருத்துவதே. பயன்படும் நிலைக்குக் கொண்டுவருதல் என்னும் இந்தப் பொருள் வரைபடத்துக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. கணினித் தமிழில் வழங்கும் 'பதிப்பு' வெளியிடப்பட்ட முழுத் தாளுக்கு ஏற்றது; முந்தையதிலிருந்து மாறியதைச் சுட்ட அது போதாது. தாளின் எண் 'பதிப்பு 3' என்றும், அதனருகே உள்ள பட்டியலில் தேதியோடு எழுதப்படும் மாற்றம் 'திருத்தம்' என்றும் இருப்பது தகும்.