முதுகெலும்பு முறிவு: நிலைநிறுத்தும் அறுவை சிகிச்சை

மார்பு, இடுப்புப் பகுதிகளில் முறிந்த முள்ளெலும்புகளைத் திருகும் கம்பியும் கொண்டு அசையாமல் பிணைக்கும் சிகிச்சை இது. மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளை விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. இடுப்பின் ஐந்தும் தாராளமாக அசைபவை. உயரத்திலிருந்து விழுந்தாலோ வாகனம் மோதினாலோ, இவ்விரு பகுதிகளும் கூடும் இடத்தில்தான் முறிவு அதிகம். தண்டுவடம் முடிவதும் ஏறத்தாழ அங்கேயே.

1940களில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் கத்தியை நாடவில்லை. முறிந்த இடத்துக்குத் தலையணை முட்டுக்கொடுத்து வாரக்கணக்கில் படுக்கவைத்தார். படுக்கைப்புண் வராதிருக்க, நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினார்கள். ஷெஃபீல்டில் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளித்த ஃபிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த்தோ, முதுகில் கைக்குத் தட்டுப்படும் முள்நீட்சிகளில் உலோகத் தகடு பொருத்தினார்.

அடுத்த கருவி வேறொரு நோய்க்காகப் பிறந்தது. போலியோவால் முதுகு பக்கவாட்டில் வளைந்த குழந்தைகளுக்காக ஹியூஸ்டனில் பால் ஹாரிங்டன் உருவாக்கிய கொக்கிக் கம்பி 1962இல் மருத்துவ இதழில் வெளியானது. பின்னர் முறிவுக்கும் பயன்பட்டது. ஆனால் அதன் பிடி இரு முனைகளில் மட்டுமே. ஒரு முள்ளெலும்பு உடைந்தால், மேலும் கீழும் நல்ல நிலையில் உள்ள பலவற்றையும் சேர்த்துப் பூட்ட வேண்டியிருந்தது. இடுப்பின் இயல்பான வளைவும் தட்டையாகிப்போனது.

திருப்பம் பாரிஸில் வந்தது. முள்ளெலும்பின் பின்பகுதியையும் முன்னுடலையும் இணைக்கும் குறுகிய எலும்புத் தூணுக்குப் பெடிக்கிள் என்று பெயர். 1963இல் ரேமோன் ருவா-காமில் அதன் வழியே திருகைச் செலுத்தினார். திருகு சற்று உள்நோக்கி விலகினாலும் தண்டுவடமோ நரம்போ காயப்படலாம். ஆனால் சரியாக அமைந்தால், பின்புறத்திலிருந்தே முன்னுடல்வரை பிடி கிடைக்கும்.

1977இல் சுவிட்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் மாகெர்ல் திருகுகளை உடலுக்கு வெளியே ஒரு சட்டத்தில் இணைத்தார். 1980களில் வால்டர் டிக் அந்தச் சட்டத்தை உடலுக்குள் கொண்டுசென்றார். உடைந்த எலும்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டே முள்ளெலும்புகளில் நான்கு திருகுகள் போதும் என்றானது. 2000களில் சிறு துளைகள் வழியாகவே திருகு பொருத்தும் முறையும் பரவியது.

எல்லா முறிவுக்கும் கத்தி தேவையா? நரம்பு பாதிக்கப்படாத, நிலையான வெடிப்பு முறிவுகளில் (முன்னுடல் நொறுங்கிச் சிதறும் முறிவுகளில்) அறுவை சிகிச்சையால் பெரிய நன்மை தென்படவில்லை என்று 2003இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2005இல் வந்த மதிப்பெண் முறை முறிவின் வடிவம், பின்புறத் தசைநார்களின் நிலை, நரம்புப் பாதிப்பு ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்கிறது. மூன்று மதிப்பெண்வரை அறுவை சிகிச்சை இல்லை. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பரிந்துரை உண்டு. நான்கில் முடிவு மருத்துவருடையது.