கொயினாவும் குடியேற்றப் பொருளாதாரமும்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1

மருந்தொன்றின் வரலாறு அதன் வேதியியற் பண்புகளைக் கூறுவதோடு முற்றுப்பெறுவதில்லை. அம்மருந்து எங்கு விளைந்தது, எவருடைய உழைப்பால் விளைந்தது, எச்சந்தையில் விலையானது, நோயாளியின் கையை எவ்வாறு வந்தடைந்தது அல்லது வந்தடையாது போயிற்று என்பனவும் அதன் வரலாற்றுக்குள் அடங்குவனவே. மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினாவைப் பற்றி மருத்துவர்கள் வழங்கும் முதல் அறிவுரை, அளவும் முறையும் தவறாது உட்கொள்ள வேண்டும் என்பதாகும். அந்த அளவையும் முறையையும் ஏழை மக்களுக்கு இயலுமாக்கியவை யாவை, இயலாதாக்கியவை யாவை என்பதை இலங்கை வரலாற்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்கிற்குக் கற்பிட்டி பொருத்தமானதொரு தொடக்கப் புள்ளி. புத்தளக் கடல்நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கி நீளும் இம்மணற் குடாநாட்டின் முனையருகில் ஒல்லாந்தர் 1667 இல் கோட்டையொன்றைக் கட்டத் தொடங்கி, 1676 இல் நிறைவுசெய்தனர். கண்டி அரசு கடலோடு கொண்டிருந்த வாணிபத் தொடர்பைக் கட்டுப்படுத்துவதே அதன் பயன். வாயிலைக் கைப்பற்றியவன் உள்நாட்டின் வாணிபத்தையும் கைப்பற்றுகிறான் என்னும் ஏகபோக அரசியலின் கல்வடிவம் அக்கோட்டை. இரு நூற்றாண்டுகளின் பின் சாவாத் தீவிலே இதே ஒல்லாந்தர் கொயினாவின் வாயிலைக் கைக்கொண்டதை மேலே காண்போம்.

தமிழிலக்கிய வரலாற்று மாணவர்க்குக் கற்பிட்டி பிறிதொரு வகையிலும் அறிமுகமான ஊர். 'தமிழ் புளூட்டாக்' (1859) என்னும் புலவர் வரலாற்று நூலைத் தந்த சைமன் காசிச்செட்டி 1807 இல் இங்கேயே பிறந்தார். இலங்கையின் ஊர்களையும் வளங்களையும் அகரவரிசைப்படுத்தி 1834 இல் அவர் வெளியிட்ட ஆங்கில விவர நூல், குடியேற்ற ஆட்சி இந்நாட்டைக் கணக்கெடுத்து அறிந்துகொள்ள முயன்ற காலத்தின் விளைபொருள். அவர் மறைந்த 1860 ஆம் ஆண்டிற்கு மறு ஆண்டிலேதான் சிங்கோனாச் செடி இலங்கை மண்ணில் ஊன்றப்பெற்றது.

2

சிங்கோனா தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலுக்குரிய மரம். அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுக்கும் முறையை 1820 இல் பெலெற்றியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் கண்டனர். பட்டைக்குப் பட்டை வேறுபட்ட மருந்தின் செறிவை நிறுத்து அளந்து கொடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் உண்டாயிற்று. பாதுகாப்பான பயன்பாட்டின் அறிவியல் அடிப்படை அதுவே. ஆயினும் அவ்வறிவியலை வெப்பமண்டல நாடுகளுக்கு விரைந்து கொணர்ந்தது நோயாளிமேற் கொண்ட பரிவு மட்டுமன்று. படைகளையும் நிருவாகிகளையும் தோட்டத் துரைமாரையும் காய்ச்சலிலிருந்து காத்தல் பேரரசுக்கு இன்றியமையாததாயிருந்தது.

பிரித்தானியர் விதைகளையும் செடிகளையும் 1860 ஐ ஒட்டி நீலகிரிக்கும், 1861 இல் நுவரெலியாவை அடுத்த ஹக்கலைக்கும் கொணர்ந்தனர். இலங்கைத் துரைமார் முதலில் அவற்றை விரும்பவில்லை. கோப்பி இலாபம் தந்துகொண்டிருந்தது. 1869 இற் கண்டறியப்பெற்ற இலைநோய் கோப்பியை அழித்தபின் அவர்கள் சிங்கோனாவின் பக்கம் திரும்பினர். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தற் பட்டை ஏற்றுமதியாயிற்று. மிகையுற்பத்தியால் இலண்டனில் விலை வீழ்ந்தது. வீழவே மரங்கள் வெட்டப்பட்டன, தேயிலை நடப்பட்டது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அத்தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாகத் தம்புள்ளை, மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். அவ்வழியிற் காய்ச்சலும் வாந்திபேதியும் பலரைப் பலிகொண்டன. வழியிற் காய்ச்சலுக்கு இரையானோரின் எஞ்சிய உறவினரே பின்னர் அக்காய்ச்சலுக்குரிய மருந்தின் பட்டையை உரித்து மூடைகளிற் கட்டினர். அம்மூடைகள் கொழும்புத் துறைமுகத்தை நோக்கிச் சென்றனவேயன்றி, உலர்வலயத்துக் கிராமங்களை நோக்கிச் செல்லவில்லை. மருந்தும் பிற பண்டங்களைப் போன்று விற்பனைக்கெனவே விளைவிக்கப்பட்டது.

இதற்கிடையிற் பொலீவியாவில் மனுவேல் இன்கிரா மமானி என்னும் பழங்குடித் தொழிலாளி தேடிச் சேகரித்த உயர்வகை விதைகளை சார்ல்சு லெட்ஜர் என்னும் வணிகர் விலைகூறினார். 1865 இல் ஒல்லாந்து அவற்றுள் ஒரு பகுதியை வாங்கிற்று. சாவாவில் அவ்விதைகளிலிருந்து எழுந்த மரங்களின் பட்டை கொயினாச் செறிவில் ஏனையவற்றை விஞ்சியது. 1913 இல் உற்பத்தியாளரும் ஆலைக்காரரும் விலை உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய கீனா பணியகம் விலையையும் அளவையும் நிருணயித்தது. 1930களில் உலகக் கொயினாவின் மிகப் பெரும்பகுதி சாவாவிலிருந்தே வந்தது. அரை நூற்றாண்டின் முன் உலகச் சந்தையைப் பட்டையால் நிரப்பிய இலங்கை, தன் மக்களுக்கு வேண்டிய கொயினாவை வெளியிலிருந்து வாங்கும் நிலையில் இருந்தது.

3

இந்நிலையில் வந்தது 1934-35 ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளை. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் நீரோட்டம் குன்றி, ஆற்றுப்படுகைகளிற் குட்டைகள் தேங்கின. வெயில்படும் தெளிந்த குட்டைநீர் அனோபிலிசு குலிசிபேசீசு என்னும் நுளம்பு பெருகுவதற்கு ஏற்றது. ஆண்டின் இறுதி மாதங்களிற் காய்ச்சல் பரவிற்று. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். 1935 ஏப்பிரலுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் எனக் கணிப்பர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கடுமையாகத் தாக்குண்டன.

புத்தளம் போன்ற உலர்வலயப் பகுதிகளில் மலேரியா ஆண்டுதோறும் நிலைத்திருந்த நோய். அங்கு வளர்ந்தோரிடத்து ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. அவ்வெதிர்ப்பாற்றலின் விலையைக் குழந்தைகளின் சாவாகவும் மண்ணீரல் வீக்கமாகவும் சமுதாயம் செலுத்தி வந்தது. நோய்ப்பழக்கமற்ற ஈரவலய எல்லைக் கிராமங்களிலோ, வந்த காய்ச்சல் பெருங்கொள்ளையாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தேங்காய் விலைகள் சரிந்து கூலியும் சோறும் குறைந்திருந்த மக்களை அது தாக்கியது.

அரசாங்கம் கொயினாவை இலவசமாக வழங்கிற்று. ஆயினும் மருந்து வழங்கப்படுதல் ஒன்று. உரிய காலத்தில் உரிய அளவில் உடலிற் செயற்படுதல் மற்றொன்று. சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் இவ்வேறுபாட்டைக் களத்திற் கண்டனர். பிரித்தானியப் படைவீரர் நிதிக்கெனப் பொப்பி மலர் விற்கப்பட்ட நாளில் அதற்கு மாற்றாகச் சூரிய மலரை விற்ற இவ்வியக்கத்தினர், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோருடன் கிராமங்களுக்குச் சென்றனர். பசித்த உடலில் மருந்து மட்டும் நில்லாது என்பதை உணர்ந்து பருப்பையும் உணவையும் கொடுத்தனர். மார்மைற் என்னும் நொதிச்சாற்றை வைத்தியர் மாத்திரைபோல் உருட்டி வழங்கினர். 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாசக் கட்சி தோன்றியமைக்கும், 1936 தேர்தலிற் பெரேரா றுவான்வெல்லையிலும் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றிபெற்றமைக்கும் இப்பணி ஓர் அடித்தளமாயிற்று.

4

கொயினாவின் மருத்துவ இயல்பை நோக்கின், மேற்கூறிய களப்பணியின் பொருள் மேலும் தெளிவாகும். இம்மருந்திற் பயன்தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடையேயுள்ள தூரம் குறுகியது. காதிரைச்சல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் ஆகியன அது உடலில் ஏறியதன் அடையாளங்கள். அளவு மிஞ்சின் பார்வையிழப்பும் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும் நேரலாம். குருதியிற் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். கர்ப்பிணிகளும் உணவின்றி வாடுவோரும் இவ்விடத்துப் பெரிதும் கவனிக்கப்பட வேண்டியவர். குருதி நாளத்தின் வழி ஏற்றுங்கால் மெதுவாக, நீர்த்த கரைசலாகவே ஏற்றுதல் வேண்டும்.

அளவு குறைந்தாலும் தீங்கே. நடுக்கம் நின்றவுடன் மருந்தை நிறுத்தின், எஞ்சிய கிருமி மீளப் பெருகும். எனவே வளர்ந்தோர்க்கும் சிறுவர்க்கும் உடல்நிறைக்கேற்ப எட்டு மணித்தியாலத்துக்கொரு முறை, வழக்கமாக ஏழு நாட்கள் தவறாது கொடுத்தல் முறையாயிற்று. பிறிதொரு மருந்தையும் உடன் சேர்ப்பர். கடும் மலேரியா பரவிய பகுதிகளில் ஒழுங்கற்றுக் கொயினா உண்டோரிடத்துச் சிறுநீர் கறுத்துக் குருதியணுக்கள் சிதையும் 'கருநீர்க் காய்ச்சல்' காணப்பட்டதும் பதிவாகியுள்ளது. ஈரலில் ஒளிந்திருக்கும் வைவாக்சு வகைக் கிருமியைக் கொயினா அழிப்பதில்லை. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

ஏழு நாள் மருந்து என்பது எளிய சொல். நாட்கூலிக்காரன் மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் வேலைக்குப் போகிறான்; போகாவிடின் அடுப்பு எரியாது. விலைகொடுத்து வாங்கியவன் மீதியை அடுத்த காய்ச்சலுக்கோ அடுத்த பிள்ளைக்கோ எடுத்து வைக்கிறான். இதனை அறியாமை என்று கூறி அமைதலே குடியேற்ற நிருவாகத்தின் வழக்கு. அறியாமை எனத் தோன்றுவது பெரும்பாலும் வறுமையின் கணக்கேயாகும்.

மொழியும் இங்கு ஒரு காரணி. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலே தமிழ்வழி மருத்துவக் கல்வியைத் தொடங்கி, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். மருந்தின் பெயரும் அளவும் எச்சரிக்கையும் நோயாளியின் மொழியில் அமையலாம் என்பதற்கு அது சான்று. 1870 இற் கொழும்பில் நிறுவப்பெற்ற அரசாங்க மருத்துவக் கல்லூரியோ ஆங்கிலவழியே சென்றது. மருத்துவனுக்கும் கிராமத்தவனுக்கும் இடையே வர்க்கச் சுவரோடு மொழிச் சுவரும் எழுந்தது.

5

1942 இற் சப்பானியர் சாவாவைக் கைப்பற்றியதும் நேசநாடுகளுக்குக் கொயினா அரிதாயிற்று. செயற்கை மருந்துகள் விரைவுற்றன. போரின் பின் டி.டி.ரி. தெளிப்பு இலங்கையில் நோயைப் பெரிதும் ஒடுக்க, 1963 இல் 17 நோயாளர் மட்டுமே பதிவாயினர். விழிப்புக் குன்றியதும் 1968-69 இல் நோய் இலட்சக்கணக்கானோரை மீளப் பற்றியது. 1984 இற் குளோரோகுயின் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் இலங்கையிற் பதிவாயிற்று. 1990 இல் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தோரும் அவருள் அடங்குவர். ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்த அவர்களுக்கு நுளம்பு வலையும் நல்ல நீரும் முழுமையான மருந்தும் வாழ்க்கை நிபந்தனைகளாயின.

இலங்கையில் உள்ளூர்த் தொற்றாக இறுதி மலேரியா 2012 அக்டோபரிற் பதிவாயிற்று. 2016 செப்தெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியாவற்றதாகச் சான்றளித்தது. இலவசச் சுகாதார சேவையும், வீடுதோறும் சென்ற களப்பணியாளரும், குருதிப் பரிசோதனையும் இன்றி இது கைகூடியிராது. எனினும் வெளிநாடு சென்று மீள்வோர் நோயைக் கொணர்கின்றனர். 2016 இன் இறுதியில் மன்னாரில் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் புதிய நுளம்பும் கண்டறியப்பெற்றது. அது கிணறுகளிலும் பெருகவல்லது. கிணற்று நீரை நம்பி வாழும் கரையோரச் சமுதாயங்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்று ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் முதலிடம் பெற்றுள்ளன. கடும் நோய்க்கு ஆர்ட்டிசுனேற் ஊசி விரும்பப்படுகின்றது. அது கிட்டாத இடத்திற் கொயினா இன்னும் உயிர் காக்கிறது. கால் தசைப்பிடிப்புக்கென அதனைத் தாமாக உண்பது ஆபத்தானது. அமெரிக்க மருந்து நிருவாகம் அதற்கெதிராக எச்சரித்துள்ளது. காய்ச்சலுற்றவர் முதலிற் குருதியைச் சோதித்து, மருத்துவரின் அளவின்படி இறுதி வேளை வரை உண்ணவேண்டும் என்பதே நெறி.

தொகுத்து நோக்குமிடத்து, அந்நெறி தனிமனித ஒழுக்கத்தை மட்டும் சார்ந்ததன்று. பட்டை விளைந்த நாட்டிலேயே மருந்து கிட்டாமற்போன காலத்தில், எந்த ஏழையும் அதனைப் பின்பற்றியிருக்க இயலாது. சோதனை இலவசமாகவும், விளக்கம் தாய்மொழியிலும், ஏழு நாள் ஓய்வுக்குக் கஞ்சி உறுதியாகவும் கிட்டும்போதே அளவும் முறையும் மக்களின் உடைமையாகின்றன. மலேரியா நீங்கிய நாட்டில் அவ்வேற்பாடுகள் தேவையற்ற செலவெனக் குறைக்கப்படுமாயின், 1968 இன் பாடம் மீளக் கற்பிக்கப்படும். அதற்கான கட்டணத்தை முதலிற் செலுத்துவோர் கற்பிட்டி போன்ற கரைகளின் உழைக்கும் மக்களாகவே இருப்பர்.